கலந்து கட்டும் மாதிரிக் கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஒட்டிக் கட்டுவதற்கான பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வரும் வெவ்வேறு கிட்களின் பாகங்களை ஒன்றுசேர்த்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு மாதிரிக் காரை உருவாக்குவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவாக இருந்த ஐயங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1:24 அளவில் ஒரு ஜப்பானியக் கிட்டும் 1:25 அளவில் ஓர் அமெரிக்கக் கிட்டும் இருக்கின்றன. ஒன்றின் பாகங்களை மற்றொன்றில் பொருத்தினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா?

சில பாகங்களில் தெரியாது. சிலவற்றில் பளிச்சென்று தெரியும். இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 சதவீதம்தான். ஆகவே பாகம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு அது மன்னிக்கப்படும். ஏறத்தாழ 27 அங்குல நீளமுள்ள ஒரு வி8 எஞ்சின், 1:24இல் 28.6 மில்லிமீட்டரும் 1:25இல் 27.4 மில்லிமீட்டரும் வரும். போனட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டரை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஸ்டீயரிங், கார்புரேட்டர், இருக்கை ஆகியவற்றையும் தயங்காமல் மாற்றலாம். சக்கரங்களில் இந்த வேறுபாடு நமக்குச் சாதகமாகவே அமைகிறது. 1:24 கிட்டில் உள்ள 14 அங்குல ரிம் 14.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 1:25இல் 15 அங்குல ரிம்முக்கு வேண்டியது 15.2 மில்லிமீட்டர். எனவே முன்னதைப் பின்னதாகவே பயன்படுத்திக்கொள்ளலாம்.

உடலின் அகலத்தையும் சேசிஸின் நீளத்தையும் தொடும் பாகங்களில்தான் சிக்கல் எழும். 118 அங்குல அச்சிடைத் தூரம் கொண்ட 1949ஆம் ஆண்டு மெர்க்குரி காரை எடுத்துக்கொண்டால், 1:25இல் அது 120 மில்லிமீட்டர், 1:24இல் 125 மில்லிமீட்டர். இந்த 5 மில்லிமீட்டர் வேறுபாட்டோடு சேசிஸை மாற்றினால், சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது. ஒரு முன்பம்பரை மாற்றினால் அது அகலத்தில் 3 மில்லிமீட்டர் வெளியே துருத்தும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். உண்மைக் காரின் அச்சிடைத் தூரத்தை அங்குலத்தில் அறிந்து, அதை 25.4ஆல் பெருக்கி, 24ஆலோ 25ஆலோ வகுத்துப் பாருங்கள். பிறகு வெர்னியர் காலிப்பரைக் கையிலுள்ள பாகத்தின் மீது வைத்துச் சரிபாருங்கள். பசைக்குப்பியைத் திறப்பதற்கு முன் இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பானவன்.

கேள்வி: 1949 மெர்க்குரியின் கூரையைத் தாழ்த்திப் பழைய கலிஃபோர்னியப் பாணியில் செய்ய முயன்றேன். தூண்களை வெட்டிய பிறகு கூரை முன்னாலும் பின்னாலும் சேரவில்லை. என்ன செய்வது?

தூண்கள் சாய்ந்திருப்பதே காரணம். முன்தூண் மேலே போகப் போகப் பின்னோக்கியும், பின்பக்கம் மேலே போகப் போக முன்னோக்கியும் சரிந்திருப்பதால், கூரையைக் கீழே இறக்கும்போது அது போய் உட்கார வேண்டிய இடம், கூரையைவிட நீளமாகிவிடுகிறது. உண்மைக் காரை வெட்டும் டிங்கரிங் பட்டறையிலும் இதே சிக்கல்தான் வரும். 1950களின் தொடக்கத்தில், கார்களை உருமாற்றுவதில் பேர்பெற்ற ஜார்ஜ், சாம் பாரிஸ் சகோதரர்களின் கலிஃபோர்னியப் பட்டறையில் உருவாகி, ஹிரோஹாட்டா மெர்க்குரி என்று புகழ்பெற்ற 1951ஆம் ஆண்டுக் காரில், கூரையை முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமும் இறக்கினார்கள். அதாவது கூரை நேராகக் கீழே இறங்காமல், பின்னோக்கி வழிந்து இறங்குவதுபோல அமைத்தார்கள். 1:25 அளவில் அதைச் செய்ய வேண்டுமானால் முன்னால் 4 மில்லிமீட்டர், பின்னால் 7 மில்லிமீட்டர் என்று எளிதாகவே கணக்கு வருகிறது. ஓர் அங்குலம் என்பது 1:25இல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த வேலையின் பாதிக் கணக்கு தானாகவே முடிந்துவிடும்.

வெட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாஸ்கிங் டேப்பை வேண்டிய அகலத்துக்குக் கீறி, தூண்களைச் சுற்றி ஒட்டுங்கள். டேப்பின் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே உங்கள் இரு வெட்டுக்கோடுகள். தூணின் பருமன் அதிகம் மாறாத இடத்தில் டேப் விழுமாறு பார்த்துக்கொண்டால், வெட்டிய முகங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். மெல்லிய பற்கள் கொண்ட ரம்பத்தால், அழுத்தாமல், கோட்டுக்குச் சற்று உட்புறமாகவே வெட்டுங்கள். மீதியை அரத்தால் ராவிக்கொள்ளலாம். பிறகு கூரையைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முன்தூண்களிலும் பின்பாதியைப் பின்புறத்திலும் தனித்தனியாக ஒட்டி, நடுவில் விழும் இடைவெளியை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டால் நிரப்புவது ஒரு வழி. இரண்டு கிட் வாங்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: முதல் உடலிலிருந்து கூரையின் முன்பாதியையும், இரண்டாவது உடலிலிருந்து பின்பாதியையும் நடுக்கோட்டைத் தாண்டி நீளமாகவே வெட்டி எடுத்துக்கொண்டால், கூரையின் வளைவு கெடாமல் இரண்டையும் நேருக்கு நேர் சேர்க்கலாம். தட்டையான தகட்டைச் செருகி, பிறகு அந்த வளைவைப் பட்டி வைத்துத் தேய்த்துக் கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இணைப்புகளின் உட்புறத்தில் தகட்டுத் துண்டுகளைத் தாங்காக ஒட்டுங்கள். கரைப்பான் வகைப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பதால், அது முழுமையாக இறுகச் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டுத் தேய்த்து வர்ணம் அடித்தால், பின்னர் அந்த இணைப்பு ஒரு மெல்லிய பள்ளமாக மேலே தெரியும். சூப்பர் க்ளூவை நிரப்பியாகப் பயன்படுத்துவோர் இதற்கு நேர்மாறாகச் சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், ஏனெனில் நாள்பட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் அதை விட்டுவிட்டுப் பக்கத்தைத் தின்னத் தொடங்கும். கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். 1949 மெர்க்குரியின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு துண்டுகளாக இருப்பதால், ஒளிபுகும் மெல்லிய தகட்டிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: 1932 ஃபோர்ட் கிட்டில் வேறொரு கிட்டின் செவர்லே வி8 எஞ்சினைப் பொருத்துகிறேன். எஞ்சின், எஞ்சின் அறையின் பின்சுவரில் இடிக்கிறது. எஞ்சினை முன்னால் தள்ளலாமா?

தள்ளினால் ரேடியேட்டரில் இடிக்கும். 1955இல் வந்த செவர்லேயின் சிறிய வி8 எஞ்சினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருக்கிறது. ஃபோர்டின் 289 கன அங்குல எஞ்சினிலோ அது முன்பக்கம் இருக்கிறது. செவர்லே எஞ்சினை ஏற்றிய உண்மையான ஹாட் ராட்களில் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்களில்) பின்சுவரில் ஒரு குழிவை வெட்டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடம் கொடுத்தார்கள். நீங்களும் பின்சுவரின் நடுவில் ஒரு செவ்வகத்தை வெட்டி, அரை மில்லிமீட்டர் தகட்டால் ஒரு சிறு பெட்டி செய்து உட்புறமாக ஒட்டிவிடுங்கள். சிக்கலும் தீரும், விவரமறிந்தவர் பார்த்தால் மகிழவும் செய்வார்.

இங்கே ஒரு பொதுக் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். பாகப்பெட்டியில் கிடந்தது என்ற காரணத்துக்காக ஒரு பாகம் காரில் ஏறக்கூடாது. ஒரு பட்டறையில், ஒரு காலத்தில், ஒரு மனிதர் அதைத் தேடி வாங்கிப் பொருத்தியிருப்பார் என்று நம்பும்படி இருக்க வேண்டும். 1932இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய பழைய ஃப்ளாட்ஹெட் வி8ஐ வைத்து 1940களின் இறுதிக்காலத்துக் கார் ஒன்றைச் செய்தால், ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள் அதற்குப் பொருந்தும். 1960களின் அலாய் சக்கரங்கள் பொருந்தா. அந்த எஞ்சினில் ஒரு பக்கத்துக்கு மூன்று புகைவாய்கள்தான் உண்டு. ஆனால் வேறு கிட்டிலிருந்து எடுத்த நான்கு குழாய் ஹெடரை (புகைக்குழாய்த் தொகுதியை) அதில் ஒட்டியிருக்கும் மாதிரிகளைக் கண்காட்சிப் படங்களில் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, ஏனெனில் அவற்றின் வர்ண வேலை பெரும்பாலும் மிக நேர்த்தியாக இருக்கும்.

ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் கவனியுங்கள். உண்மையில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் பருமன் கொண்ட அவை, 1:25இல் 0.3 மில்லிமீட்டர்தான் வரும். மோட்டார் வைண்டிங் செய்யும் கடைகளில் 30ஆம் எண் எனாமல் ஒயரைக் கேட்டு வாங்குங்கள். அதன் பருமன் 0.315 மில்லிமீட்டர்.

கேள்வி: மூன்று கிட்களின் பாகங்கள் கலந்திருப்பதால் வெள்ளை, சிவப்பு, சாம்பல் என்று பிளாஸ்டிக்கின் நிறங்கள் வேறுபடுகின்றன. வர்ணம் அடித்த பின் சிவப்புப் பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் உள்ள சாயம், பிரைமரையும் ஊடுருவி மேலே கசியும். வெள்ளி நிற வர்ணத்தை ஒரு தடுப்புப் பூச்சாக முதலில் அடித்து, நன்கு காய்ந்த பின் பிரைமர் அடித்தால் கசிவு பெரும்பாலும் அடங்கிவிடும். கார்களுக்கு அடிக்கும் லாக்கரை, கிட்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் மீது நேரடியாக அடிப்பதும் ஆபத்தானது. அது பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். முதலில் பிரைமரை மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் அடிப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது, ஏனெனில் காற்றின் ஈரம் காயும் வர்ணத்தில் படிந்து வெண்மேகம்போல் பூத்துவிடும். தவிர்க்க முடியாவிட்டால், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சிறிது சேருங்கள்.

கேள்வி: குரோம் பூசிய பாகங்களில் பசை பிடிப்பதில்லையே?

பசை பிளாஸ்டிக்கைத் தொட்டால்தான் அதை உருக்க முடியும். மேலே இருப்பதோ வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலம். துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும். அதற்கடியில் ஒரு லாக்கர் படலமும் இருக்கும். அது தளர ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். கழிவறைக்குப் பயன்படும் அமிலத்தை ப்ளீச்சோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

கேள்வி: தனியாக வாங்கிய ரெசின் போனட்டைக் கிட் உடலில் ஒட்டுவது எப்படி?

கிட் பசை ரெசினை உருக்காது. சூப்பர் க்ளூவோ எபாக்சியோதான் வேண்டும். ஒட்டும் முன் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப்பசையைப் போக்குங்கள். தண்ணீர் தொட்டுத்தொட்டே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் அணிய வேண்டும்; ரெசின் தூசி மூச்சில் போகக் கூடாது.

கேள்வி: என் மாமா 1960களில் வாங்கிய, இன்னும் கட்டப்படாத ஓர் அமெரிக்கக் கிட் என்னிடம் உள்ளது. அதிலிருந்து சில பாகங்களை எடுத்துக்கொள்ளலாமா? மாமா சம்மதித்துவிட்டார்.

என் வேண்டுகோள்: எடுக்காதீர்கள். ஏஎம்டி நிறுவனம் 1958இல் வெளியிடத் தொடங்கிய கிட்கள், கார் விற்பனையாளர்களுக்காகச் செய்த விளம்பர மாதிரிகளின் வழிவந்தவை. ஒரே பெட்டியில் கடையில் விற்கும் வடிவம், அலங்கார வடிவம், பந்தய வடிவம் என்று மூன்று விதமாகக் கட்டுவதற்கான பாகங்களைக் கொடுத்தார்கள். கலந்து கட்டும் பழக்கத்துக்கு அந்த மிச்சப் பாகங்களே பெரும் ஊற்றாக அமைந்தன. ஆனால், உண்மைக் காரின் தோற்றம் ஆண்டுதோறும் மாறியதற்கேற்ப, அந்தக் கிட்களின் அச்சுகள் பலவற்றையும் வெட்டி மாற்றிக்கொண்டே போனார்கள். அப்படி மாறிவிட்ட அச்சிலிருந்து முந்தைய ஆண்டின் காரை மீண்டும் வார்க்க முடியாது. உங்கள் பெட்டியில் இருப்பது அத்தகைய கிட்டாக இருந்தால், அதை முழுமையாக வைத்திருப்பதோ, அப்படியே கட்டுவதோதான் அதற்குச் செய்யும் மரியாதை.

வெட்டுவதற்கு மறுவெளியீடுகள் இருக்கின்றன. பசை வழிந்து, பாதி உடைந்து, மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய கட்டிய கார்களும் இருக்கின்றன. 1932 ஃபோர்ட் வேண்டுமென்றால், ரெவெல் நிறுவனம் 1990களிலிருந்து வெளியிட்ட வரிசையில் பல உடல் வடிவங்கள் ஒரே சேசிஸில் அமர்வதால், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு வெட்டாமலே பொருந்தும். முதன்முதலாகக் கலந்து கட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே.

கேள்வி: பழைய பெட்டியைத் திறந்தபோது, டயர் பட்ட இடத்தில் ரிம்மும் உடலும் உருகியிருந்தன. வெயில்தான் காரணமா?

வெயில் அதை விரைவுபடுத்தும், ஆனால் மூலகாரணம் டயரில் இருக்கிறது. வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. தழும்பு ஆழமில்லை என்றால் பட்டி வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். ரிம்மை மட்டும் வேறு கிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கிட் வாங்கினாலும் டயர்களை அன்றே தனிப் பையில் போட்டுப் பிரித்து வையுங்கள். கட்டும்போது ரிம்மின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு, அதன் மேல் டயரை மாட்டுங்கள்.