பதில்: சொந்த கொத்தமல்லி விதை, 15 நாளாகியும் முளைக்கல
ப்ரோ, நானும் உங்கள மாதிரி சென்னை தண்டையார்பேட்டைல மொட்டைமாடி தோட்டம் போடுற கேஸ்தான். காய் பச்சையா இருக்கும்போதே பறிச்சு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சேன்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் சொதப்பல், பச்சைக்காய்ல விதை முத்தியிருக்காது, அதுவும் நம்ம ஏரியா கடல்காத்து ஈரத்துக்கு கவருக்குள்ள வேர்த்து பூஞ்சை புடிச்சிருக்கும். செடியிலயே பழுப்பாகுற வரைக்கும் விட்டு, கொத்தோட வெட்டி நிழல்ல தலைகீழா தொங்கவிடுங்க. விதைக்கறப்ப செருப்பால லேசா தேய்ச்சு ரெண்டா உடைங்க (எங்கம்மா பார்த்தா திட்டுவாங்க, பூரிக்கட்டையும் ஓகே), ஒவ்வொரு பாதிக்குள்ளயும் ஒரு விதை இருக்கும், நைட்டு ஊறவச்சு அரை இஞ்ச் ஆழத்துல போட்டா 8-10 நாள்ல தலைகாட்டும். இந்த மே வெயில்ல வேணாம், இலை விடாம பூவுக்கு ஓடிடும், மழை ஓஞ்சு மார்கழில போடுங்க. பக்கத்துல போட்டேன்னு சொன்ன பார்ஸ்லிய (கொத்தமல்லி மாதிரியே இருக்குற இலை) மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அது முளைக்க 3 வாரத்துக்கு மேலகூட ஆகும்.