புரதம் குறைந்த தீவனமும் குட்டிகளின் கழிச்சலும்

கேள்வி: நாங்குநேரி பக்கம் வெண்பன்றி வளர்க்கிறேன். புண்ணாக்கு விலை ஏறியதால் கடலைப் புண்ணாக்கைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினேன். பால் மறந்த குட்டிகள் கழிந்துகொண்டே இருக்கின்றன, எடையும் ஏறவில்லை. தண்ணீரில் வைட்டமின் டானிக் கலந்து கொடுத்தும் தேறவில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம் அண்ணாச்சி. வைட்டமின் ஏ, டி இரண்டும் மிஞ்சினால் உடம்பில் தங்கித் தொல்லை தரும்.

புரதத்தைக் குறைத்ததே தப்பு என்று சொல்ல மாட்டேன். செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய் அழுகினால் கெட்ட கிருமிகளுக்குத்தான் விருந்து; கழிச்சலும் கூடும். குட்டித் தீவனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் புரதத்தை 18க்கு இறக்கினால் குடலுக்கு நல்லதுதான். ஆனால் இறக்கிய இடத்தில் லைசின் வேண்டும்; புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களில் அது ஒன்று. கடலைப் புண்ணாக்கிலும் அரிசியிலும் அது குறைவு. லைசின் இல்லாமல் குட்டி வளராது. வைட்டமின் பி6 அமினோ அமிலங்களை உடம்பு கையாள உதவும். வைட்டமின் ஏ குடலின் உள்தோலைக் காக்கும். இரண்டும் வேலைக்காரர்கள்தாம். செங்கல்லே வராத இடத்தில் கொத்தனாரைக் கூட்டி என்ன பயன்?

100 கிலோ தீவனத்தில் குருணையும் மக்காச்சோளமுமாக 62 கிலோ, சோயாப் புண்ணாக்கு 26, தவிடு 9 போடுங்கள். மீதி 3 கிலோவில் தாது உப்பு, கல் நீக்கிய சாதாரண உப்பு, வைட்டமின் கலவை, 300 கிராம் லைசின் அடங்கட்டும். மெத்தியோனின், திரியோனின் என்ற மற்ற அமினோ அமிலங்கள் கிடைத்தால் அவற்றையும் சிறிதளவு சேர்க்கலாம். வைட்டமின் கலவை பாக்கெட்டில் போட்ட அளவுதான்.

தவிட்டை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். அம்பாசமுத்திரம் ஆலைகளிலிருந்து வரும் புதுத் தவிடு இனிப்பாக மணக்கும். எண்ணெய் நீக்காத தவிடு நம் வெயிலில் சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துவிடும். அந்த எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயைக் கெடுக்கும், குட்டியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீங்கள் மூட்டைமூட்டையாக வாங்கி அடுக்கியிருந்தால், என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

சாணத்தில் இரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ தீவனத்தை நோண்டிக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். சாண மாதிரியை இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். புழுவும் காரணமாக இருக்கலாம். ஓட்டல் கழிவு கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்தால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றியே கொடுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த வழியாகவும் வரும், அதற்கு மருந்து கிடையாது.