தாத்தாவின் ரேடியோவில் இரைச்சல்

ஐயா, வணக்கம்.

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம். தாத்தா கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியும் ராத்திரி மீடியம் வேவில் வானிலை கேட்காமல் படுக்க மாட்டார். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஆனால் ரேடியோவில் 'ர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடவே ஏறுகிறது. "நீ இதைத்தானே படிக்கிற, சரி பண்ணு" என்கிறார். புத்தகத்தில் வெப்ப இரைச்சல், ஷாட் இரைச்சல், வளிமண்டல இரைச்சல், மனிதர் உண்டாக்கும் இரைச்சல் என்று பட்டியல் இருக்கிறது. பரீட்சையில் எழுதிவிடுவேன். தாத்தா ரேடியோவில் இருப்பது எது என்றுதான் தெரியவில்லை. நல்ல ரேடியோ வாங்கினால் போய்விடுமா?

க., காசிமேடு

அன்புள்ள க.,

ரேடியோ வாங்க அவசரப்பட வேண்டாம். மீடியம் வேவில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், ரேடியோவுக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலைவிட மிகப் பெரியது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டும் அதே அலமாரியில் வைத்தால் அதையும் சேர்த்துத்தான் பாடும். பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். இரைச்சல் எந்த வகை என்று கேட்பதற்கு முன்னால், எந்த வழியாக நுழைகிறது என்று பாருங்கள். தண்டையார்பேட்டையில் முப்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன் சொல்கிறேன், அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்று சாயங்காலம் இரைச்சல் தொடங்கியதும் ரேடியோவை பேட்டரியில் போட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். நின்றுவிட்டால் ஆள் வீட்டுக்குள் இருக்கிறான். மெயினைப் போட்டு, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டின் மேல் சந்தேகம். ஒன்று எல்இடி பல்பு. அதற்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. ஃபில்டர் வைக்காத மலிவு பல்பாக இருந்தால் அந்த வெட்டு ஒயரிங்கில் ஏறி, வீட்டு ஒயரே ஆன்டெனா ஆகிவிடும். இன்னொன்று, திருகுகிற வகை ஃபேன் ரெகுலேட்டர். ஏசி மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை நறுக்கிவிட்டு மீதியைத்தான் அது ஃபேனுக்கு அனுப்புகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு 100 நறுக்கு. நீங்கள் எழுதிய 'ர்ர்ர்' அதன் குரலாக இருக்கலாம். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். சட்டென்று அடங்கினால் அதேதான். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாட்டினால் தீர்ந்தது.

மெயினை அணைத்தும் நிற்கவில்லையா? ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடங்கள். உள்ளே கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். மீடியம் வேவுக்கு அதுதான் ஆன்டெனா. குச்சியின் முனை இரைச்சல் வரும் திசையைப் பார்க்கும்போது இரைச்சல் குறையும், குறுக்கே நின்றால் கூடும். கடலோரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. மின்கம்பத்துப் பீங்கானில் உப்புக்காற்று படிந்து, ராத்திரி ஈரத்தில் மின்சாரம் கசிந்து பொறி தட்டும். நல்ல மழை பெய்து கழுவிவிட்ட மறுநாள் இரைச்சல் குறைந்திருந்தால் அதுவாக இருக்கலாம். கம்பத்தின் கிட்டே போகாதீர்கள், மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

திசை திருப்பிப் பார்க்கும் இந்த வேலையைத்தான் அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனியின் பெல் ஆய்வகத்துக் கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் செய்தார். கடல் கடந்து பேசும் ரேடியோ டெலிபோனில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 20.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு ஆன்டெனா கட்டி, கார் சக்கரங்களின் மேல் ஏற்றிச் சுற்ற வைத்தார். பக்கத்து இடிமழை, தூரத்து இடிமழை இரண்டும் பிரிந்தன. மூன்றாவதாக ஓயாத ஒரு 'உஸ்' மிஞ்சியது. அது தினமும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. விண்மீன்கள் அப்படித்தான் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி உதிக்கும். பால்வெளி மண்டலத்திலிருந்து வரும் இரைச்சல் அது என்று 1933இல் வெளியிட்டார். தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள், வெள்ளி பார்த்துக் கடலுக்குப் போனவருக்கு அந்த நான்கு நிமிடம் உங்களைவிட நன்றாகப் புரியும்.

வால்யூம் விஷயம். 80களில் பழவேற்காட்டிலிருந்து ஒருவர் வந்தார், டிவி படம் முழுக்கப் புள்ளி. டிவி பக்கத்திலேயே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வைத்துக் கொடுத்தேன். படமும் ஏறியது, புள்ளியும் ஏறியது. அதே பூஸ்டரை ஆன்டெனா கம்பத்தின் உச்சியில் கட்டிய பிறகுதான் முகங்கள் தெரிந்தன. உச்சியில் சிக்னல் இன்னும் ஒயரில் தேயவில்லை, அங்கேயே பெருக்கிவிட்டால் பின்னால் சேரும் இரைச்சல் அந்தப் பெரிய சிக்னலுக்கு முன்னால் சின்னதாகிவிடும். பெருக்கும் முதல் படியின் இரைச்சல்தான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கிறது என்பதை 1944இல் ஃப்ரிஸ் என்ற ரேடியோ பொறியாளர் சூத்திரமாகவே எழுதியிருக்கிறார். உங்கள் புத்தகத்தில் இருக்கும், அதை மட்டும் மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவி, செல்போன் அலைவரிசைகளில் இதுதான் பெரிய விஷயம். ஏனென்றால் அங்கே வெளி இரைச்சல் குறைவு, உள் இரைச்சல் தலைதூக்கும். எந்த ரெசிஸ்டரிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தில் ஓயாமல் துடிக்கின்றன, உங்கள் பட்டியலின் வெப்ப இரைச்சல் அதுதான். அந்தத் துடிப்பை 1928இல் ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் கணக்குச் சொன்னார். குளிர்வித்தால் குறையும், சுவிட்ச் போட்டு நிறுத்த வழியில்லை. ஷாட் இரைச்சல் அதைவிடப் பழைய செய்தி, 1918இல் ஷாட்கி சொன்னது. மின்சாரம் எலக்ட்ரான் எலக்ட்ரானாக வந்து விழுகிறது, தகரக் கூரையில் மழைத்துளி விழுகிற மாதிரி. அந்தச் சடசடப்புதான் அது.

எஃப்எம்மில் ஏன் இந்த 'ர்ர்ர்' அவ்வளவாக இல்லை என்றால், பொறியும் வெட்டும் அலையின் உயரத்தைத்தான் முக்கியமாகக் கெடுக்கின்றன, எஃப்எம் செட் உயரத்தைச் சீவி எறிந்துவிட்டு அதிர்வெண்ணை மட்டும் படிக்கிறது.

ஃபேனும் பல்பும் சரியான பிறகும், ஐப்பசி மாதத்தில் விட்டு விட்டு ஒரு 'கடக்... கடகட' மிஞ்சும். அதை எடுக்க மெனக்கெடாதீர்கள். இடி காதுக்கு இருபது கிலோமீட்டர் தாண்டிக் கேட்பது அபூர்வம். மின்னலின் கரகரப்போ மீடியம் வேவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். தாத்தா கையில் ரேடியோவைக் கொடுத்து மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மின்னுகிறது என்று அவரே சொல்லக்கூடும்.