முடிவு தெரிந்த கதைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

பள்ளி நாட்களில் ராஜேஷ்குமார், சுபா என்று மாத நாவல்களில் படிக்க ஆரம்பித்தவன் நான். வேலைக்கு வந்த பிறகு படிப்பு விட்டுப்போனது. போன மாதம் மறுபடியும் தொடங்கினேன். கனமாக எதுவும் வேண்டாம் என்று த்ரில்லர், ஃபேன்டஸி இரண்டிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பத்தி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான் வருகிறது: 'விறுவிறுப்பாக இருந்தது, திருப்பம் எதிர்பாராதது.' அதற்கு மேல் கை ஓடவில்லை.

இன்னொன்று. 'தி டே ஆஃப் தி ஜக்கால்' பாதியில் இருந்தபோது அலுவலக நண்பர் ஒருவர், 'கடைசியில் குண்டு படாது' என்று சொல்லிவிட்டார். அதோடு மூடி வைத்துவிட்டேன். முடிவு தெரிந்துவிட்டால் படிக்க ஒன்றும் இல்லாத புத்தகங்களைப் பற்றி எழுதவும் ஒன்றும் இருக்காதுதானே? நீங்களும் இந்த வகை நாவல்களைப் படிப்பதாக முன்பு எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

கே.

அன்புள்ள கே,

உங்கள் நண்பர் சொன்னது ரகசியமே இல்லை. பிரெஞ்சு அதிபராக இருந்த சார்ல்ஸ் டி கோல் 1970 நவம்பரில் தன் வீட்டில் இறந்துபோனார். அவரைக் கொல்ல 1963இல் நடக்கும் ஒரு சதியைப் பற்றிய 'ஜக்கால்' நாவல் 1971இல் வெளிவந்தது. அன்று அதைக் கடையில் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கொலை நடக்கப்போவதில்லை என்பது அட்டையைத் திறப்பதற்கு முன்பே தெரியும். அதை எழுதிய ஃபிரெடெரிக் ஃபோர்சித் கொடுத்த கையெழுத்துப் பிரதியைச் சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியதும் இதனால்தான். கதை எப்படி முடியும் என்று ஊருக்கே தெரியும், பிறகு யார் படிப்பார்கள் என்று நினைத்தார்கள். இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் நானும் அதை மறுபடி எடுத்தேன். இரண்டாம் வாசிப்பில் பதற்றம் ஒரு துளியும் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று யோசித்தேன். உங்களுக்கான பதில் அதிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஃபோர்சித் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிருபராகப் பாரிஸில் இருந்தவர். நாவலையும் ஒரு நிருபரைப் போலத்தான் ஆரம்பிக்கிறார். முதலில் வருவது உண்மைச் சம்பவம். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை ஒட்டிய பெட்டி-கிளமார்ட்டில் டி கோலின் கார் மீது சரமாரியாகச் சுடுகிறார்கள். அவர் கீறல் இல்லாமல் தப்பிக்கிறார். அதற்குத் திட்டம் போட்ட பாஸ்டியன்-திரி என்ற விமானப்படை அதிகாரியை 1963 மார்ச்சில் சுட்டுக்கொல்கிறார்கள். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததைப் பொறுக்காத ஓ.ஏ.எஸ். என்ற அமைப்பு அடுத்த முயற்சிக்கு வெளியாள் ஒருவனைத் தேடுகிறது. தங்கள் ஆட்கள் எல்லோரையும் போலீஸுக்குத் தெரியும் என்பதால் யாருக்கும் தெரியாத ஒருவன் வேண்டும். கற்பனை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஐந்து லட்சம் டாலர் கூலிக்கு ஒப்புக்கொள்ளும் அந்த ஆளுக்கு ஜக்கால் என்ற சங்கேதப் பெயரைத் தவிர வேறு எதுவும் தரப்படவில்லை.

இதற்குப் பிறகு நாவல் செய்வதெல்லாம் ஒரு ஆள் தன் வேலையை எப்படிச் செய்கிறான் என்று காட்டுவதுதான். கிராமத்துக் கல்லறைகளில் சுற்றி, தன் வயதுள்ளவனாக இன்று இருந்திருக்கக்கூடிய, ஆனால் குழந்தையிலேயே செத்துப்போன ஒருவனின் பெயரைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி அசல் பாஸ்போர்ட்டே வாங்கிவிடுகிறான். பிரஸ்ஸல்ஸில் ஒருவரிடம் தனக்கென்றே ஒரு துப்பாக்கி செய்யச் சொல்கிறான். அது கையில் வந்ததும் ஆர்டென் காட்டுக்குள் போய் ஒரு முலாம்பழத்தில் முகம் வரைந்து, மரத்தில் தொங்கவிட்டு, தூரத்தில் போய்ப் படுத்துச் சுட்டுப் பார்க்கிறான். ஒரு குண்டு, பிறகு தொலைநோக்கியின் திருகில் ஒரு சிறு திருத்தம், மறுபடி ஒரு குண்டு. கடைசியாகப் போடுவது வெடிக்கும் குண்டு. அந்தப் பழம் என்ன ஆனது என்பதை ஃபோர்சித் எந்தப் பரபரப்பும் இல்லாமல் இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். குறி சரியாக விழ வேண்டும் என்று நான் உள்ளுக்குள் விரும்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. டி கோல் சாகமாட்டார் என்பது தெரிந்திருப்பதால்தான் இது நடக்கிறது. அவர் பிழைத்துக்கொள்வார் என்ற நிம்மதியில் நாம் தயக்கமே இல்லாமல் கொலைகாரன் பக்கம் போய் நின்றுவிடுகிறோம். அவனுடைய திறமையை ரசிக்கிறோம். பிறகு அவன் வழியில் குறுக்கே வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும்போது, ரசித்துக்கொண்டிருந்த நமக்குக் கூசுகிறது. அதற்குள் லெபெல் என்ற போலீஸ் அதிகாரி வந்துவிடுகிறார். சத்தம் போடாத, மேலதிகாரிகள் முன் கூனிக் குறுகி நிற்கிற, ஆனால் ஃபைல்களை விடாமல் புரட்டுகிற மனிதர். நாம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நகர்கிறோம். முடிவு தெரியாமல் படித்திருந்தால் டி கோலுக்கு என்ன ஆகுமோ என்ற ஒரே கவலையோடு ஓடியிருப்போம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள நேரமே இருந்திருக்காது.

ஆகவே, மாதக் கடைசியில் உட்காரும்போது நான் ஒவ்வொரு புத்தகத்திடமும் கேட்பது இதைத்தான்: என்னை எங்கே நிற்க வைத்தது? யாருக்காகப் பயப்பட வைத்தது? எந்த இடத்தில் பக்கம் மாற வைத்தது? விறுவிறுப்பு எல்லாப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத முடியாது. இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு புத்தகமும் வேறு பதில் சொல்லும்.

உதாரணமாக, கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் நவோகி பரிசு பெற்ற நாவல். டோக்கியோவில் மதிய உணவு கட்டித்தரும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், மகளோடு தனியாக வாழ்கிறவள். விவாகரத்தான பிறகும் தேடி வந்து தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை முதல் அத்தியாயத்திலேயே அம்மாவும் மகளுமாகக் கொன்றுவிடுகிறார்கள். யார் கொன்றது என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துபோகிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி கதவைத் தட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அதற்குப் பிறகு போலீஸ் ஒவ்வொரு முறை அவள் வீட்டு வாசலுக்கு வரும்போதும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கொலையைப் பார்த்த சாட்சிகளான நாமும் சேர்ந்து மறைக்கிறவர்களாகிவிடுகிறோம். போலீஸ் தோற்க வேண்டும் என்று நினைக்காத வாசகரை நான் சந்தித்ததில்லை.

இஷிகாமி தன் தேர்வுத்தாள் கணக்குகளைப் பற்றி ஓரிடத்தில் சொல்கிறார். பார்த்தால் வடிவியல் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது இயற்கணிதம். மாணவன் தான் பழகிய பாதையிலேயே யோசித்தால் மாட்டிக்கொள்வான். ஹிகாஷினோ நமக்கு வைக்கும் கணக்கும் அதே மாதிரிதான். கொலை எப்படி மறைக்கப்படும் என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அவர் மறைத்தது வேறொன்று. அது என்ன என்று இங்கே சொல்லமாட்டேன். படித்து முடித்ததும் முதல் சில பக்கங்களுக்குத் திரும்பிப் போய், இஷிகாமி ஆற்றங்கரை வழியாகப் பள்ளிக்கு நடந்து போகும் இடத்தை மறுபடி படியுங்கள். போன மாதம் நான் படித்தவற்றில் என்னை ரொம்ப நாள் விடாமல் இருக்கப்போவது இந்தப் புத்தகம்தான். அந்த மனிதருடைய அன்பு எனக்குப் பெரிதாகவும் பயங்கரமாகவும் ஒரே சமயத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய முடியவில்லை.

ஒரு த்ரில்லரைப் பாதியில் நிறுத்தினேன். பெயர் வேண்டாம். கதை சொல்கிறவனுக்குத் தெரிந்த விஷயத்தையே அவன் நமக்குச் சொல்லாமல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் இழுத்துக்கொண்டு போகிறான். அப்படிப்பட்ட புத்தகம் நம்மை எங்கும் நிற்க விடுவதில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முடிவு தெரிந்தால் படிக்க ஒன்றும் இருக்காது என்று நீங்கள் சொல்வது இந்த மாதிரிப் புத்தகங்களுக்குச் சரிதான்.

அப்புறம் ஃபேன்டஸி. பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' வரிசையில் 2006இல் வந்த முதல் நாவல், பாதி ஃபேன்டஸி, பாதி கொள்ளைக் கதை. மந்திரசக்தி உள்ளவர்கள் உலோகத் துகள்களை விழுங்கி அதை உடம்புக்குள் எரிக்கிறார்கள். எஃகை எரித்தால் அருகிலுள்ள உலோகத்தைத் தள்ளலாம், இரும்பை எரித்தால் இழுக்கலாம். ஆனால் தள்ளப்படும் பொருள் உங்களைவிடக் கனமாக இருந்தால் தள்ளப்படுவது நீங்கள். ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு அதைத் தள்ளினால் நீங்கள் மேலே எழும்புவீர்கள். விதி தெரிந்துவிடுவதால் ஒவ்வொரு சண்டையிலும் நாமும் கூடவே கணக்குப் போடுகிறோம்: பக்கத்தில் என்ன உலோகம் இருக்கிறது, வயிற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? கொள்ளைக் கூட்டத்தில் நாமும் ஒரு ஆளாகிவிடுகிறோம். அதுவரை அருமை. உரையாடல்கள் மட்டும் பல இடங்களில் பாடம் நடத்துகின்றன. வின் என்ற பெண்ணுக்கு விதிகளைக் கற்றுத்தரும் பக்கங்களில் அவள் மனதுக்கு இடம் போதவில்லை.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' அளவில் இதைவிட மிகச் சிறியது. இதை ஐந்தாறு வருடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் படிக்கிறேன். இதிலும் முடிவு முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. கெட் என்ற இந்தப் பையன் பின்னாளில் டிராகன்களோடு பேசுகிறவனாகவும் தலைமை மந்திரவாதியாகவும் ஆனான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவன் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துவிடுவதால் நம் கவலை வேறு இடத்துக்குப் போகிறது. அவனுடைய கர்வம் யாரைப் பலி வாங்கப்போகிறது என்று பயப்படுகிறோம். அது பலி வாங்கவும் செய்கிறது. மந்திரப் பள்ளியில் சக மாணவனிடம் வீம்புக்காக, செத்துப்போன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கப்போய், நிழல் போன்ற ஒன்றை இந்த உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அந்தப் பிளவை மூடுவதில் வயதான தலைமை மந்திரவாதியின் உயிர் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு முன்னால் வரும் ஒரு சிறிய இடம். கெட்டின் முதல் குரு ஓகியன் மழையில் நனைகிறார். மேகத்தை விலக்கத் தெரிந்தவர், விலக்காமல் ஒரு மரத்தடியில் ஒதுங்கிக்கொள்கிறார். ஈரப் புதருக்குள் சுருண்டு கிடக்கும் பையனுக்குப் பொறுக்கவில்லை: சக்தி இருந்தும் பயன்படுத்தாவிட்டால் அது எதற்கு? அவனுக்குப் பதில் தெரிய மீதிப் புத்தகம் முழுவதும் ஆகிறது. நான் இந்த முறையும் கெட் பக்கமே நின்று எரிச்சலோடு நனைந்தேன், ஓகியன் சரி என்று தெரிந்தும். சாண்டர்சன் பக்கம் பக்கமாக விளக்கும் மந்திரத்தின் எல்லையை லெ குவின் ஒரு மழையை வைத்துக் காட்டிவிடுகிறார்.

இரண்டு வகையும் ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால் சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). முடிவில்லாத மண்டபங்களும் சிலைகளும் உள்ள ஒரு வீட்டில் ஒருவன் வாழ்கிறான். கீழ்த்தளத்தில் கடல் அலையடிக்கிறது. மீன் பிடித்துச் சாப்பிடுகிறான். அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்துக்கொள்கிறான், அதில் ஒருவர் 'பிஸ்கட் டப்பா மனிதர்'. வாரத்தில் இரண்டு முறை இன்னொருவர் நல்ல கோட்டு சூட்டோடு, கையில் பளபளக்கும் ஒரு கருவியோடு வந்து அவனைப் பார்க்கிறார். அது என்ன கருவி என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. தன் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டும்போது 2011, 2012 என்று வருட எண்களைப் பார்த்து அவன் குழம்புகிறான். அவனோ ஆல்பட்ராஸ் பறவை வந்த வருடம் என்று காலத்தைக் கணக்கிடுகிறவன். அவனை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நமக்குப் புரிந்துவிட்டது, அவனிடம் சொல்ல வழியில்லை. அவன் அந்த வீட்டை அவ்வளவு நேசிப்பதால் உண்மை அவனுக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா என்றுகூட நமக்கு உறுதியில்லை. துப்பறியும் கதையில் துப்பறிகிறவனைக் காப்பாற்றத் துடிக்கும்படி என்னை வைத்த வேறு புத்தகம் எனக்கு நினைவில்லை.

'ஜக்கால்' எங்கே நின்றதோ அங்கிருந்து எடுத்துப் படியுங்கள். குண்டு ஏன் படவில்லை என்பதை உங்கள் நண்பர் சொல்லவில்லை அல்லவா? கடைசிப் பக்கங்களில் அது வரும்போது எவ்வளவு சாதாரணமான காரணம் என்று பாருங்கள்.

அதன் பிறகு எர்த்ஸீ. பிடித்திருந்தால் நிறுத்தாமல் 1971இல் வந்த இரண்டாவது நாவல் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவானு'க்குப் போங்கள். அது டெனார் என்ற பெண்ணின் கதை. சிறுமியாக இருக்கும்போதே வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கல்லறைக் கோயிலின் பூசாரியாக வளர்க்கப்பட்டவள். வெளிச்சமே கொண்டுபோகக் கூடாத நிலவறையில் ஒரு நாள் வெளிச்சத்தோடு ஒருவன் நிற்பதைப் பார்க்கிறாள். அவளுக்கு அவன் திருடன், கோயிலைத் தீட்டுப்படுத்தியவன், சாக வேண்டியவன். அவன் யார் என்று முதல் நாவலைப் படித்த உங்களுக்குத் தெரியும். அந்த அத்தியாயத்தில் நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.