இடுப்புவலி, முட்டிவலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா?

அம்மாவுக்கு 58 வயது, இடுப்பிலும் வலது முட்டியிலும் வலி, மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, தெரிந்தவர்கள் மேனுவல் தெரபி பார்க்கச் சொல்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் முதல் நாள் சிகிச்சை செய்பவர் என்ன செய்கிறார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

நான் திருமங்கலம் பக்கம் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற அக்காமார்கள். இருட்டோடு குனிந்தால் வெயில் ஏறுகிற வரை நிமிர முடியாத வேலை. வரும்போதே "வாயு பிடிச்சிருக்கு தம்பி, ஒரு நெட்டி எடுத்து விடு" என்று சொல்லிக்கொண்டுதான் கட்டிலில் படுப்பார்கள். அதற்கு முன்பே யாராவது எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழித்திருப்பார்கள், கால் முதலில் வெளியே வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் உதைக்கச் சொல்லியும் பார்த்திருப்பார்கள். அவர்களை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை, வலியில் இருப்பவர் கிடைத்த கையைப் பிடிக்கத்தான் செய்வார்.

ஆனால் அந்த நெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே இருக்கிற திரவத்தில் அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது, சத்தம் அப்போது வருவதுதான். 2015-இல் கனடாவில் ஒருவர் விரலை இழுத்து நெட்டி எடுக்கும்போதே எம்ஆர்ஐயில் படம் பிடித்து இதைக் காட்டினார்கள். எலும்பு விலகியிருந்தது, திரும்பப் பொருந்திவிட்டது என்பதற்கெல்லாம் அந்தச் சத்தம் சாட்சி கிடையாது. அதனால் "டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டேன்" என்று யாராவது சொன்னால் அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் கை என்னதான் செய்கிறது? ஆஸ்திரேலியாவின் மைட்லாண்ட் என்ற பிசியோதெரபிஸ்ட் வகுத்த முறையைத்தான் நாங்கள் கல்லூரியில் முதலில் படிக்கிறோம். குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சிலும் உள்ளங்கையின் ஓரத்தை வைத்து, தாளம் போல மெதுவாக அழுத்தி அழுத்தி விடுவோம். இதில் நான்கு படிகள் உண்டு. வலி கடுமையாக இருந்தால் முதல் இரண்டு படிகள் மட்டும், மூட்டு இறுகுகிற இடம் வருவதற்கு முன்பே கை நின்றுவிடும், பார்ப்பவருக்கு ஏதோ தடவிக்கொடுப்பது போல இருக்கும். வலி குறைந்து விறைப்பு மட்டும் இருந்தால் மூன்றும் நான்கும், அந்த இறுக்கத்துக்குள்ளேயே போய் அழுத்துவது. நெட்டி விழுகிற அந்த வேகமான தள்ளலை ஐந்தாவதாகச் சொல்வார்கள், எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. இப்படி அழுத்தும்போது வலியைப் பற்றி நரம்புகள் மூளைக்கு அனுப்பும் தகவல் கொஞ்ச நேரத்துக்கு அடங்குகிறது, இறுகிக் கிடக்கிற தசை விடுகிறது. கொஞ்ச நேரம் என்பதை மனதில் வையுங்கள்.

முட்டிக்கு வேறு முறை. நியூசிலாந்தின் மல்லிகன் என்ற பிசியோதெரபிஸ்ட் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது: நான் கெண்டைக்கால் எலும்பை மூட்டுக்குக் கீழே இலேசாக ஒரு பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொள்வேன், முட்டியை மடக்கி நீட்டுவது வலியோடு வந்தவர்தான். பிடித்திருக்கும்போது வலி இருக்கவே கூடாது, இருந்தால் பிடி தப்பு, திசையை மாற்ற வேண்டும். சப்பணம் போட்டு உட்கார்ந்து பல மாதமான ஒரு அப்பத்தா, மூன்றாவது தடவை வந்தபோது தரையில் உட்கார்ந்து காட்டிவிட்டு எழுந்திருக்க மனசே இல்லாமல் இருந்தார். தேய்மானம் அப்படியேதான் இருந்தது, எக்ஸ்ரேயில் ஒன்றும் மாறவில்லை, அசைவு மட்டும் திரும்பியது.

அந்த அசைவைப் பிடித்து வைப்பது உடற்பயிற்சிதான், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். கட்டிலை விட்டு இறங்கியதும் அம்மாவை நடக்கச் சொல்ல வேண்டும், தொடைத் தசைக்கும் பிட்டத்துத் தசைக்கும் பயிற்சி கொடுத்து அனுப்ப வேண்டும். "தினமும் வாங்க, 30 நாள் பேக்கேஜ்" என்று சொல்லி வீட்டில் செய்ய ஒன்றுமே கற்றுத் தராத இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஐந்தாறு தடவை போயும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அதையே தொடர்வதில் அர்த்தமில்லை, என்ன நோய் என்று மறுபடி பார்க்க வேண்டும்.

பயந்த கதை ஒன்றும் இருக்கிறது. நெல் மூட்டை தூக்கிய ஒரு அண்ணனுக்கு இடுப்பு பிடித்து, வேறு எங்கோ இரண்டு நாள் அழுத்தி முறுக்கியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. தொடையிடுக்கில் மரத்திருக்கிறதா, சிறுநீர் வருகிறதா என்று கேட்டேன், காலையிலிருந்து வரவில்லை என்றார். கையே வைக்காமல் ஆட்டோ பிடித்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அன்று ராத்திரியே அறுவை சிகிச்சை நடந்தது. இந்த மூன்றில் எது இருந்தாலும், அல்லது காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தது, கீழே விழுந்தது இதில் ஏதாவது இருந்தாலும், முதலில் டாக்டர்தான். யார் கை வைப்பதும் அதற்கு அப்புறம்தான். கழுத்தைச் சட்டென்று திருப்புவதற்கும் யாரையும் விடாதீர்கள், சலூனில் முடி வெட்டி முடித்ததும் செய்வார்களே அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்தால் பக்கவாதம் வரலாம்.

உங்கள் அம்மாவின் வயதில் எலும்பு பலம் குறைந்திருக்கலாம், அதனால் வேகமான தள்ளல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அல்லது ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாளாக எடுக்கிறார் என்றால், சிகிச்சை செய்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.