கம்ப்ளேசன்சி என்றால் சோம்பலா, அலட்சியமா? தமிழில் எப்படிச் சொல்வது?

இரண்டும் இல்லை. எங்கள் வியாசர்பாடியில் இதற்கான சொல் தெருவிலேயே புழங்குகிறது: மெதப்பு. "இன்னாடா, மெதப்புல கீறியா?" என்று ஒருவர் கேட்டால் போதும், முழு அர்த்தமும் அதில் வந்துவிடும்.

சோம்பேறி வேலையைத் தொடவே மாட்டான். அலட்சியக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மெதப்பில் இருப்பவனோ நன்றாகச் செய்தவன். செய்தது போதும், இனி எதுவும் தப்பாகாது என்று நம்பிவிட்டவன்.

எனக்கு இது உறைத்தது கேரம் போர்டில்தான். எங்கள் பக்கம் கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை; 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். ஒரு கிளப் போட்டி. 25 எடுத்தால் வெற்றி. கடைசி செட்டில் நான் 20, எதிரே இருந்த பையன் 6. என்னுடைய கடைசி வெள்ளைக் காய் பாக்கெட் வாயிலேயே நிற்கிறது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிகூடப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற நண்பனிடம் பேசிக்கொண்டே சுண்டினேன். காய் விளிம்பில் தட்டி நடு போர்டுக்கு வந்துவிட்டது. அந்த போர்டு, அதாவது அந்தச் சுற்று, அவனுக்கு. அடுத்த இரண்டும் அவனுக்கே. 25-20. எனக்கு ஆட்டம் பழக்கிய அண்ணன் திட்டவில்லை. "நீ 20-லயே எழுந்து வூட்டுக்குப் பூட்டடா" என்றார். இன்றும் அது நெஞ்சில் குத்துகிறது.

இந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு மகிழ்வித்தல் என்று பொருள். வள்ளுவரும் அங்கேதான் கை வைக்கிறார். 'பொச்சாவாமை' (மறந்து சோராமல் இருப்பது) அதிகாரத்தின் முதல் குறளே (531) 'உவகை மகிழ்ச்சியின் சோர்வு' அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது என்கிறது. மகிழ்ச்சியில் வரும் சோர்வு! இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

எழுதும்போது 'மெத்தனம்' போடுங்கள். "2015 வெள்ளத்தில் தப்பிய மெத்தனத்தில், 2023 டிசம்பர் புயலுக்குச் சாமான்களை மேலே ஏற்றாமல் விட்டோம்." பேச்சில் மெதப்பு. 'திருப்தி' என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். குறைந்த சம்பளத்திலும் நிம்மதியாக வாழ்பவரைப் போய் கம்ப்ளேசன்ட் என்று சொல்வது அநியாயம்.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஒலிக்கும் இன்னொரு ஆங்கிலச் சொல்லும் உண்டு. அடுத்தவர் மனம் கோணாமல் நடந்துகொள்பவரைக் குறிப்பது அது. எழுத்தில், இதற்கு (complacent) சி வரும் இடத்தில் அதற்கு (complaisant) ஐ, எஸ் வரும்.