எக்ஸாடிக் ஷார்ட்ஹேர் பூனை: வாங்குமுன் மூக்கைப் பாருங்கள்

கேள்வி: எக்ஸாடிக் ஷார்ட்ஹேர் குட்டி வாங்கலாம் என்றிருக்கிறோம். முடி குட்டை என்பதால் பராமரிப்பே கிடையாது என்கிறார் விற்பவர். சாதாரண 'பஞ்ச் ஃபேஸ்' (தட்டை முகம்) குட்டியைவிட 'எக்ஸ்ட்ரீம் பஞ்ச்' (மிகத் தட்டையான முகம்) குட்டிக்கு இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். முகம் தட்டையாகத் தட்டையாக மூக்குத் துவாரம் குறுகும், கண்ணீர்க் குழாய் மடங்கும், பல்வரிசை கோணும். கூடுதல் பணம் கொடுத்து இந்த மூன்றையும் வீட்டுக்குக் கொண்டு வருவானேன்?

குட்டி தூங்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வாயை மூடிச் சத்தமில்லாமல் தூங்க வேண்டும். குறட்டையோ கீச்சென்ற ஒலியோ வந்தால் மூச்சுப்பாதை குறுகல். விழித்ததும் ஐந்து நிமிடம் இறகுக் குச்சியை ஆட்டி ஓடவிடுங்கள். வாயைத் திறந்து இளைத்தால் அந்தக் குட்டி வேண்டாம். நேருக்கு நேர் பார்க்கையில் மூக்குத் துவாரம் துளையாகத் தெரிய வேண்டும். நகத்தால் கீறிய கோடு மாதிரி இருக்கக் கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் மூக்கின் மேல்விளிம்பு கீழ் இமையின் மட்டத்தைத் தாண்டி மேலே போயிருக்கக் கூடாது. உதட்டைத் தூக்கிப் பார்த்து, கீழ்க் கோரைப்பல் அண்ணத்தில் குத்துகிறதா என்று கவனியுங்கள். உங்கள் கண்ணெதிரே பத்துப் பருக்கை உலர் உணவு தின்னட்டும். வாரி வாரிக் கீழே விழுந்தால் தாடையில் கோளாறு இருக்கலாம்.

அடுத்தது காகிதம். பெர்சியன் வழியில் வந்த இனம் என்பதால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி உண்டாக்கும் பி.கே.டி. என்ற பரம்பரை நோய் இதற்கும் உண்டு. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு அந்த மரபணு ஒன்று இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குட்டிப் பருவத்தில் எதுவும் தெரியாது. நடுவயதில்தான் தண்ணீர் அதிகம் குடிப்பது, எடை குறைவது என்று தலைகாட்டும். ஆகவே தாய், தந்தை இருவருக்கும் எடுத்த டி.என்.ஏ. பரிசோதனை முடிவைக் கேளுங்கள். "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை" என்றால், எந்த வயதில் எடுத்தது என்று திருப்பிக் கேளுங்கள். பத்து மாத வயது ஆகுமுன் எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியாமல் போக வாய்ப்பு அதிகம்.

வம்சாவளிச் சான்று சி.எஃப்.ஏ., டிக்கா, டபிள்யூ.சி.எஃப். போன்ற பூனை அமைப்புகளின் கீழ் வந்ததாக இருக்க வேண்டும். 'கே.சி.ஐ. பேப்பர்' தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கென்னல் கிளப் பதிவது நாய்களை மட்டும்தான். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் தாயுடன் இருந்த குட்டி இன்னும் நல்லது. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் நான்கும் இருக்க வேண்டும். வெறும் டிக் அடித்த அட்டைக்கு மதிப்பில்லை.

பராமரிப்பே இல்லை என்பது வியாபாரப் பேச்சு. மேல்முடி குட்டைதான், அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு அடர்ந்து கிடக்கிறது, அது நன்றாகவே உதிரும். நெருக்கமான பற்கள் உள்ள ஸ்டீல் சீப்பால் வாரம் இரண்டு முறை கழுத்திலிருந்து வால் வரை, பிறகு அக்குள், தொடை இடுக்கு எல்லாம் வாருங்கள். குளிப்பாட்டினால் அடிமுடிவரை காய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் தோல் கெட்டுவிடும். முடி வட்டமாகக் கொட்டி ஓரத்தில் செதில் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். பெர்சியன் வகைப் பூனைகளுக்கு இது அதிகம்; வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும்.

குட்டி போட வைத்து விற்று முதலை எடுத்துவிடலாம் என்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். குட்டிகளின் தலை பெரிது. பிரசவம் சிக்கலாகிச் சிசேரியன் வரை போவது இந்த இனத்தில் அரிதல்ல.

கேள்வி: தாய், தந்தை இரண்டும் குட்டைமுடி எக்ஸாடிக். எனக்குக் கொடுத்த குட்டிக்கு இப்போது முடி நீளமாக வளர்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், திருச்சி)

பதில்: அதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. அமெரிக்க ஷார்ட்ஹேரையும் பெர்சியனையும் கலந்து உருவாக்கிய இனம் இது, சி.எஃப்.ஏ. 1966-இல் ஏற்றது. நீளமுடி மரபணு உள்ளே ஒளிந்திருக்கும். அதைச் சுமக்கும் இரு குட்டைமுடிப் பூனைகள் சேர்ந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நீளமுடி வர வாய்ப்பு. ஆனால் குட்டைமுடி என்று ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கொடுத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடியைத் தினமும் வாருங்கள்.

கேள்வி: கண்ணோரம் எப்போதும் பழுப்பு நீர். ஆன்லைனில் 'டியர் ஸ்டெய்ன்' பவுடர் விற்கிறார்கள், வாங்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: குழாய் மடங்கியிருப்பதால் கண்ணீர் மூக்குக்குள் வடியாமல் முகத்தில் வழிகிறது. எந்தப் பவுடரும் குழாயை நிமிர்த்தாது. சில பவுடர்களில் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

காலை, மாலை இருவேளையும், கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்கோரக் கண்முனையிலிருந்து கீழ்நோக்கித் துடையுங்கள். கண்ணுக்கு ஒரு பஞ்சு. மூக்கு மடிப்புக்குள்ளும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஈரம் நின்றால் மடிப்பு புண்ணாகும்.

கண்ணைச் சுருக்கினாலோ, நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, கருவிழியில் பழுப்பு அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், கண்ணே போய்விடும்.

கேள்வி: ஏ.சி. இல்லாமல் கோடையைச் சமாளிக்க முடியுமா? (வாசகர், வேலூர்)

பதில்: வேலூர் வெயிலில் இந்தப் பூனைக்குச் சிரமம்தான். வாங்கும் பட்ஜெட்டில் ஒரு அறைக்கு ஏ.சி.யையும் மின்கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனைக்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வெறும் மின்விசிறி அதிகம் உதவாது. மின்சாரம் போனால் ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணிப் பழகுங்கள், நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். வாயைத் திறந்து இளைத்தால் அவசரம். சாதாரணக் குழாய்த் தண்ணீரால் வயிற்றையும் பாதங்களையும் நனைத்தபடியே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

எடை கூடினால் மூச்சு இன்னும் திணறும். கருத்தடை செய்த நான்கு கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 55 கிராம் உலர் உணவு போதும். கிண்ணத்துக்குப் பதில் இரண்டு செ.மீ. ஆழமுள்ள பீங்கான் தட்டில் வையுங்கள். தயிர்சாதத்தில் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து கிடையாது, அது பூனைக்கு உணவாகாது.

கேள்வி: வாங்கிய ஐந்தாம் நாள் வாந்தி, பேதியில் குட்டி இறந்துவிட்டது. 'உயிருள்ள பொருளுக்கு கேரன்டி இல்லை' என்கிறார் விற்பவர். (வாசகர், மதுரை)

பதில்: அப்படிச் சொன்னதாலேயே பொறுப்பு தீராது. பூனைகளுக்கு வாந்தி, பேதி உண்டாக்கும் பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் என்றால், கிருமி தொற்றி அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் ஆகும். ஐந்தாம் நாள் இறந்ததென்றால் விற்ற இடத்திலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சைச் சீட்டு, கிட் பரிசோதனை முடிவு, யு.பி.ஐ. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இப்படி நேரும் மற்றவர்கள், உடலைப் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் சட்டம் வியாபாரமாக விற்பவருக்குத்தான் பொருந்தும். ஒரே ஒருமுறை வீட்டுக் குட்டியைக் கொடுத்தவர் மீது செல்லுபடியாவது கடினம்.

அந்தக் கிருமி வீட்டில் ஓராண்டு வரை உயிரோடிருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, சுத்தம் செய்த தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஃபினைல் போடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. பூனை மலம் கழிக்கும் பழைய லிட்டர் தட்டையும் படுக்கையையும் தூக்கி எறிந்துவிட்டு, தடுப்பூசி வரிசை முழுதும் முடிந்த குட்டியை மட்டும் அடுத்து கொண்டு வாருங்கள்.